காலி மெத்தை சத்தம் போடாது

இரைச்சல்காரர் தெருமுனையில் தலையைக் காட்டினாலே சலூன்காரர் கையிலிருக்கும் கத்திரியை உயர்த்திப் பிடித்து, "இதுல கரண்டு இல்லைங்க, நல்லா பாத்துக்குங்க" என்பார். முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருப்பவர் குலுங்கிச் சிரிப்பார். இரைச்சல்காரரும் சிரித்து வைப்பார். சிரிக்காவிட்டால் அந்தத் தெருவில் காலம் தள்ள முடியாது.

பெயர்தான் இரைச்சல்காரர். ஆள் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். ஊரில் எங்கே இரைச்சல் இருக்கிறது என்று தேடிப் பிடிப்பது அவர் வேலை. லாரி ஹாரன், குழந்தை அழுகை, புருஷன் பெண்டாட்டி சண்டை இதெல்லாம் அவர் கணக்கில் வராது. ஊருக்குக் கிழக்கே குன்றின் மேல் பெரிய இரும்புத் தட்டு ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கிறது. அதற்குக் கண் கிடையாது, காது மட்டும்தான். வானத்திலிருந்து வருகிற ரேடியோ அலையை அது கேட்கும். வருகிற அலையோ அத்தனை மெல்லியது. கீழே யாரோ ஒருவர் வீட்டில் பழைய மோட்டார் ஒன்று பொறி பறக்கச் சுற்றினால் போதும், மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் பேசின கதையாகிவிடும்.

அதனால் ஊரில் செல்போன் கிடையாது. குன்றுக்குப் பெட்ரோல் வண்டி போகக் கூடாது, அதன் பிளக்கில் பொறி பறக்கும்; டீசல் வண்டிதான். இன்ன மெஷினை இன்ன நேரத்தில் போடக் கூடாது என்று ஆயிரம் சட்டம். இரைச்சல்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் பெரிய மீன் முள்ளைப் போன்ற ஆன்டெனாவைப் பிடித்துத் தெருத்தெருவாக நடப்பார். முள்ளைத் திருப்பிக்கொண்டே வரும்போது எந்தப் பக்கம் 'கர்ர்' என்று கேட்கிறதோ அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். மெஷினில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஒட்டினால் குன்றிலிருந்து சொல்கிற நேரத்தில் அதைத் தொடக் கூடாது. அவர் கதவைத் தட்டி யாரும் முகம் மலர்ந்து பார்த்ததில்லை.

குன்றுக்குக் கல் சுமந்துதான் இந்த வேலைக்குள் வந்தார். பிறகு தட்டின் பல்சக்கரத்துக்கு கிரீஸ் பூசினார். ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்த பிறகு, "உங்களுக்கு உட்கார்ந்து பாக்கற வேலை தர்றோம்" என்று இதைக் கொடுத்தார்கள். கொடுத்த நாளிலிருந்து உட்கார்ந்ததே இல்லை.

அந்த மாதம் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை, வானத்தைப் படித்து டாக்டர் ஆனவர். குன்றுக்கு வந்த புதிதில் ஊர்ப் பெண்கள் காய்ச்சல்காரக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். அவரும் பாவம், நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார். இரண்டு குழந்தைக்குச் சரியாகிவிட்டதால் இன்னும் நான்கு பேர் வந்தார்கள்.

"மேற்குப் பக்கம் ஒரு இரைச்சல்" என்றார் டாக்டரம்மா. இரைச்சல்காரரை வேனில் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டினார். கண்ணுக்குக் கீழே கருவளையம். "தட்டு நல்லா மேற்கால சாயும்போது மட்டும் வருது. சாயங்காலம் ஆக ஆக மோசம். எனக்கு முக்கியமான நேரமே அதுதான்."

"இத்தனை நாள் இல்லையேம்மா?"

"இத்தனை நாள் நாம அவ்வளவு தாழ்வா அந்தப் பக்கம் கேட்டதே இல்லை. இப்ப அங்க ஒண்ணு முழிச்சிருக்கு."

முழித்திருப்பது என்ன என்று இரைச்சல்காரர் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை. ஆனால் டாக்டரம்மாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. தூக்கம் கெட்டவர்களுக்குப் பேச்சு ஒரு துணை.

"ரொம்ப ரொம்பத் தூரத்துல ஒரு நட்சத்திரக் கூட்டம். அதோட நடுவுல ஒரு கருங்குழி. கோடிக்கணக்கான சூரியனைச் சேர்த்து அமுக்கி வெச்ச எடை. நாம பாத்த வரைக்கும் சும்மாதான் கிடந்தது. இப்ப சாப்பிட ஆரம்பிச்சிருக்கு."

"எதைம்மா?"

"பக்கத்துல வந்து மாட்டின வாயுவை, தூசியை. சமயத்துல ஒரு நட்சத்திரத்தையே."

"அப்ப சத்தம் போடறது அந்தக் குழி."

"இல்லை. அதைத்தான் எல்லாரும் தப்பா நினைக்கறாங்க." டாக்டரம்மா கியரை மாற்றினார். "குழி சத்தமும் போடாது, வெளிச்சமும் விடாது. உள்ள போனது போனதுதான். ஆனா எதுவும் நேரா போய் விழாது. விழறதுக்கு முன்னால சுத்திச் சுத்தி வரும். சுத்தும்போது ஒண்ணோட ஒண்ணு உரசும். உரசி உரசிக் கொதிச்சுப் போகும். அந்தச் சூடுதான் வெளிச்சம். கூட்டத்துல இருக்கற அத்தனை நட்சத்திரமும் சேர்ந்தாக்கூட அந்த வெளிச்சத்துக்கு ஈடாகாம போறது உண்டு."

"விழுங்கறவன் சும்மா இருப்பான், விழப்போறதுங்கதான் அடிச்சுக்கும்."

"அப்படித்தான். அதுல கொஞ்சம் உள்ள போகாம தப்பிக்கும். சுத்தற சுத்துல காந்த விசை கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு, அதைப் பிடிச்சு மேலயும் கீழயும் பீய்ச்சி அடிச்சுடும். கிட்டத்தட்ட வெளிச்சத்தோட வேகத்துல. நாளாக ஆக அந்தக் கூட்டத்தையே தாண்டிப் போகும். இப்பதான் அந்தப் பீய்ச்சல் கிளம்புது. பிறந்த குழந்தை மாதிரி. தினமும் எவ்வளவு வளருதுன்னு பாக்கணும். விட்டா விட்டதுதான், திரும்பப் பிறக்காது."

இரைச்சல்காரர் ஜன்னல் வழியே ஊரின் தகரக் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை கூரை. எத்தனை கதவு. முழங்கால் இப்போதே வலித்தது.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போய் மாமாவிடம் இதைச் சொன்னார். இரைச்சல்காரர் கல்யாணம் பண்ணிக்கொள்ளாத ஆள். சாப்பாடு அக்கா வீட்டில், படுக்கை குன்றின் சாமான் அறையில். அக்காவின் கணவர், அதாவது மாமா, குன்றின் மேல் அந்தத் தட்டைத் தூக்கி வைத்த கிரேனை ஓட்டியவர். இப்போது பக்கவாதம் வந்து கூடத்தின் நடுவே கட்டிலில் கிடக்கிறார். ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. "வாய் மட்டும் விழல" என்று அக்கா சொல்வாள்.

"கும்பகர்ணன்னு சொல்லு மாப்ள" என்றார் மாமா. "தூங்கிட்டு இருந்தவன் எழுந்து சட்டியைத் தேடறான்."

"அப்படித்தான் போல."

"இங்கயும் ஒருத்தர் இருக்கார்" என்றாள் அக்கா, கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து. "படுத்த இடத்துல படுத்திருப்பார். அவரைச் சுத்தி நாங்க ஓடி ஓடி உரசிக்கிட்டுச் சாகணும்."

"நீ உரசறதுல வெளிச்சம் ஒண்ணும் வரலையேடி."

"வாயைத் திறங்க. ஆறுது."

அக்கா மாமாவின் வாயைத் துடைத்துவிட்டு அப்படியே கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் கைவிரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. முன்னே ஒரு சமயம் மாமாவின் இடுப்பில் படுக்கைப்புண் வந்து உள்ளங்கை அகலத்துக்குப் போய்விட்டது. அப்போது இரவு பகல் பாராமல் அவரைப் புரட்டிப் புரட்டிப் போட்டது அவள்தான். மாமா கனத்த ஆள். கடைசியில் அவள் கைதான் போயிற்று. பழைய சாமான் கடையில் ஒரு காற்று மெத்தையும் பம்பும் பார்த்து இரைச்சல்காரர் வாங்கி வந்தார். மெத்தையில் வரிசையாகக் காற்றுப் பைகள். பம்பு ஒரு வரிசையை நிரப்பும், மறு வரிசையை வற்றவிடும், பிறகு மாற்றும். உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாது. புண் மெல்ல மூடி, இப்போதுதான் மேலே இளஞ்சிவப்பாகத் தோல் கட்டியிருக்கிறது. வெங்காயத் தோல் போல. அக்காவும் தூங்க ஆரம்பித்திருந்தாள்.

தன் வீட்டு விஷயம் என்பதால் அந்தப் பம்பை இரைச்சல்காரர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதித்திருந்தார். மாமாவை நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டிய நேரம், மெத்தையை விரித்துப் பம்பை ஓடவிட்டு, மீன் முள்ளால் சுற்றிச் சுற்றிக் கேட்டார். ஒரு சின்ன முனகல்கூட இல்லை. ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவன் வீட்டில் ஓட்டை இருக்கக் கூடாதல்லவா.

மறுநாளிலிருந்து தேடல். தட்டு மேற்கே சாய்கிற நேரம் பார்த்து ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்த ஊர் ஒரு குழப்பம். தகரக் கூரைகளில் மோதி அலை அங்கேயும் இங்கேயும் திரும்பும். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு எந்தச் சுவரில் பட்டது என்று தேடுகிற மாதிரி. ஆனாலும் முள் திரும்பத் திரும்ப அக்காவின் தெருவைத்தான் காட்டியது. அந்தத் தெருவில் அக்கா வீட்டுக்கு நேர் எதிரே டெய்லர் கடை. டெய்லரின் தையல் மெஷினில் மோட்டார் உண்டு. கிட்டே போய்க் கேட்டார். 'கர்ர்' என்றது. பெரிய சத்தம் இல்லை, ஆனால் சத்தம்தான். ஸ்டிக்கரை எடுத்தார்.

"அண்ணே, எதிர் வீட்டுக்காரன்னு ஒரு இரக்கம் கிடையாதா?" என்றார் டெய்லர். வாயில் குண்டூசிகள் இருந்ததால் பேச்சு பல்லிடுக்கில் வந்தது.

"சாயங்கால நேரம் மட்டும்தான்ப்பா. காலால மிதிச்சுத் தைச்சுக்கோ."

"காலால மிதிக்கற வயசா எனக்கு? எங்கயோ ஆகாசத்துல ஒருத்தன் தின்னறானாம், அவன் ஏப்பம் விடறதைக் கேக்கறதுக்கு இங்க நான் கடையை மூடணுமாம்."

"மாமா சொன்னாரா?"

"அவர் படுக்கையில இருந்து கத்திச் சொன்னதுல தெருவுக்கே தெரியும். நல்லா ஒட்டுங்க, நல்லா அழுத்தி ஒட்டுங்க. காத்துல பிஞ்சுடப் போகுது."

ஒட்டிவிட்டு வந்தார். அன்று மாலை டெய்லரின் மெஷின் ஓடவில்லை. இரைச்சல் மட்டும் அப்படியே வந்தது.

அடுத்த நாளும் வந்தது. இரைச்சல்காரர் மேற்குத் தெருக்களை எல்லாம் அலசினார். மாவு மில், ஐஸ் பெட்டி, தண்ணீர் மோட்டார். எங்கேயும் இல்லை. சிலர் தண்ணீர் கொடுத்தார்கள், சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள். மாலையில் குன்றேறி வந்து வேனின் படியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

டாக்டரம்மா டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கிடைக்கலைம்மா."

"பரவாயில்லை. எனக்கும் ஒண்ணும் கிடைக்கல." கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மேற்கே குனிந்து, கீழே எதையோ தவறவிட்டுத் தேடுகிற கிழவனைப் போல நின்றது. "வேடிக்கை என்ன தெரியுமா? பெரிய கூட்டம்னு எதை எடுத்தாலும் அனேகமா நடுவுல இப்படி ஒரு குழி இருக்கு. நம்ம கூட்டத்துலயும் இருக்கு."

"நம்மள்ளயுமா?"

"ஆமா. ஆனா அது ஒண்ணும் பண்ணாது. கிட்டத்தட்டப் பட்டினி. ஏதோ லேசா முனகும், அவ்வளவுதான். குழி இருக்கறது பெரிசில்லை, அதுல பாரம் விழணும். காலியா இருக்கும்போது போய்க் கேட்டா இது சாதுன்னு சொல்லிட்டு வந்துடுவோம். பாரம் விழுந்தாத்தான் அதோட குணம் தெரியும்."

இரைச்சல்காரர் டீயைக் கீழே வைத்தார்.

"என்ன, சூடா இருக்கா?"

"இல்லைம்மா. ஒரு வீடு பாக்காம விட்டுட்டேன்."

மறுநாள் தட்டு சாய்கிற நேரத்துக்கு அவர் அக்கா வீட்டு வாசலில் நின்றார். ஆன்டெனாவோடு உள்ளே வந்த தம்பியைப் பார்த்து அக்கா ஒன்றும் கேட்கவில்லை. மாமா மெத்தை மேல் படுத்திருந்தார். பம்பு கட்டில் அடியில் 'புஸ்... புஸ்...' என்று ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டினார். முள்ளைக் கட்டில் பக்கம் திருப்பினார்.

காதில் தகரத்தை ஆணியால் கீறின மாதிரி விழுந்தது.

பம்பை நிறுத்தினார். சத்தம் போயிற்று. மறுபடி போட்டார். வந்தது. உள்ளே கரித்துண்டு உரசிச் சுழல்கிற பழைய மோட்டார். மெத்தை காலியாக இருந்தபோது அதற்கு வேலை இல்லை, பூனை மாதிரி ஓடிற்று. மாமாவின் கனத்த உடம்பைத் தூக்க வேண்டி வந்ததும் மூச்சு முட்டி, உரசி, பொறி விட ஆரம்பித்திருக்கிறது. பாரம் இல்லாமல் சோதித்திருக்கிறார். இந்த வேலை தெரியாதவன் சோதித்தே இருக்க மாட்டான். தெரிந்த அவர் மெனக்கெட்டுச் சோதித்து, நல்ல பம்பு என்று முடிவு கட்டி, அதன் பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"என்ன மாப்ள, மெத்தை செத்துச் செத்துப் பொழைக்குது?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லாததுக்கா உன் மூஞ்சி இப்படிப் போச்சு?" என்றாள் அக்கா. "வெளிய வா."

சமையலறை வாசலில் வைத்துச் சொன்னார். ஸ்டிக்கர் ஒட்டினால் அந்த நேரத்தில் பம்பை அணைக்க வேண்டும். அணைத்தால் மெத்தை சுருங்கிவிடும், இடுப்பு எலும்பு பலகையில் இடிக்கும். வெங்காயத் தோல் ஒரே நாளில் பிய்ந்து போகும். கைதான் புரட்ட வேண்டும். மேலிடத்துக்குத் தெரிந்தாலோ, வேறு பம்பு வரும்வரை இதை எடுத்துக்கொண்டே போய்விடுவார்கள். வேறு பம்பு எப்போது வரும் என்பது அந்தக் கும்பகர்ணனுக்கே தெரியாது.

அக்கா அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"எதிர் வீட்டு மெஷின்ல நீ ஒட்டின அன்னிக்கு அவன் பொண்டாட்டி இங்க வந்து அழுதா. நான் என்ன சொன்னேன் தெரியுமாடா? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மான்னேன். வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"சொல்லாம விட்டுடறேன்க்கா. தேடினேன், கிடைக்கலைன்னு சொன்னா யார் கேக்கப் போறா?"

"உனக்குச் சோறு இறங்குமா?"

அவர் ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டார்.

"எனக்கு இறங்கும்" என்றாள் அக்கா. "பொய் சொல்லக் கூடாது. எனக்கு நல்லா இறங்கும், தூக்கமும் வரும். ஆனா நீ இங்க வந்து சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காந்துக்கிட்டு முழிப்பே. அதைப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது. போய்ச் சொல்லு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. என் கை போயிடுச்சு. ஒத்தையா அவரைப் புரட்ட என்னால முடியாது. முடியலடா."

'முடியல' என்று அக்கா சொல்லி அவர் கேட்டதே இல்லை. புண் உள்ளங்கை அகலம் இருந்தபோதுகூடச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டுதான் குன்றேறினார். கல் சுமந்த காலத்தில்கூட அவ்வளவு கனக்கவில்லை.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு வெகுநேரம் கண்ணைத் தேய்த்தார். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு நாளும் ஒரு படி. ஒவ்வொரு மாலையும் வருகிற இடத்தில் இரைச்சல் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து நிற்க, கோடு அதற்குள் காணாமல் போயிருந்தது.

"அந்த இடத்தை வெட்டிடறேன்" என்றார். "நீங்க கண்டுபிடிக்கலைன்னே இருக்கட்டும். நோயாளி வீட்டுல போய்ப் பம்பைப் பிடுங்கி நான் என்னத்தைக் கேட்டுடப் போறேன்?"

"வெட்டினா என்ன போகும்?"

"நமக்கு அது மறைஞ்ச பிறகு எடுத்துக்கறதுக்கு வேற நாட்டுல தட்டு இருக்கு. அதுக்கு முன்னால இந்த நேரத்துல நம்மளால மட்டும்தான் கேக்க முடியும். வளர்ற நேரத்துல ஓட்டை விழும்." தோளைக் குலுக்கினார். "விழட்டும்."

சொன்ன விதம் அக்கா 'முடியல' என்று சொன்ன மாதிரியே இருந்தது. இந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் அவரிடம்தான் கையை விரிக்க வேண்டுமா?

"ஸ்டிக்கர் ஒட்டறேன்மா" என்றார். "டெய்லருக்கு ஒட்டின மாதிரிதான், அந்த நேரத்துக்கு மட்டும். நான் போய்ப் புரட்டறேன்."

"உங்களுக்கு அந்த நேரம் டியூட்டி."

"இரைச்சலை நிறுத்தறதுதானேம்மா டியூட்டி. அதைத்தான் செய்யப் போறேன்."

டாக்டரம்மா சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "புதுப் பம்புக்கு நான் எழுதிப் போடறேன்" என்றார். "வரும்போது வரும்."

முதல் நாள் அவமானமாகப் போயிற்று. ஸ்டிக்கரை ஒட்டினார். பம்பை அணைத்தார். மெத்தை பெருமூச்சு விட்டுச் சுருங்கியது. மாமாவின் தோளுக்கும் இடுப்புக்கும் கையைக் கொடுத்துத் தூக்கினார். மாமா பாதி புரண்டு நின்றுவிட்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"கிரேன் இல்லாம என்னைத் தூக்கறதுக்குப் பாக்கறே" என்றார் மாமா, முகம் தலையணையில் புதைந்தபடி. "அந்தத் தட்டையே சுளுவா தூக்கி வெச்சேன். என்னைத் தூக்க ஆளில்ல."

"பேசாம இருங்க மாமா, மூச்சு வாங்குது."

"உனக்கா எனக்கா?"

அக்கா ஓடி வந்து வீங்கின கையைக் கொடுக்கப் போனாள். அப்போது வாசலில் செருப்புச் சத்தம். டெய்லர். கழுத்தில் அளவு நாடா தொங்க, கையைக் கட்டிக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"உங்க வீட்டுலயும் ஒட்டினீங்களாமே. அதிசயத்தைப் பாக்கலாம்னு வந்தேன்." குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். "ஆமா, செவப்பாத்தான் இருக்கு. நல்லா அழுத்தி ஒட்டியிருக்கீங்களா? காத்துல பிஞ்சுடப் போகுது."

"உன்கிட்டத்தான் வரணும்னு இருந்தேன்ப்பா" என்றார் இரைச்சல்காரர், மாமாவைத் தாங்கிப் பிடித்தபடியே. "பெரிய சத்தம் உன் மெஷின் இல்லை. இதுதான். உன் ஸ்டிக்கரைப் பிச்சுடலாமான்னு குன்றுல கேட்டுச் சொல்றேன்."

"ஐயோ, அது இருக்கட்டும்ணே" என்றார் டெய்லர் அவசரமாக. குரலைத் தாழ்த்தினார். "அதைக் காட்டித்தான் அந்த நேரத்துல கொஞ்சம் உக்காரறேன். இல்லாட்டி என் பொண்டாட்டி விடுவாளா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து சட்டப்படி ஓய்வுன்னு எனக்குக் கிடைச்சது இது ஒண்ணுதான்."

"யோவ்" என்றார் மாமா தலையணைக்குள்ளிருந்து. "உன் ஓய்வைப் பத்தி அப்புறம் பேசலாம். நான் இங்க பாதியில நிக்கறேன்."

டெய்லர் நாடாவைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "என் மெஷினுக்குச் சீல் வெச்சுட்டு உங்க மாமாவுக்கு நான் முதுகு பிடிக்கணும். எழுதி வெச்சிருக்கு என் தலையில" என்று சொல்லிக்கொண்டே தோள் பக்கம் வந்து கையைக் கொடுத்தார். இரண்டு பேருமாகப் புரட்டினார்கள். மாமா பக்கவாட்டில் திரும்பி, "அப்பாடா" என்றார்.

இரைச்சல்காரர் தலையணையைச் சொருகப் போனார். "இருங்கண்ணே" என்று தடுத்தார் டெய்லர். போர்வையில் மாமாவின் இடுப்புக்குக் கீழே மடிப்பு விழுந்திருந்தது. இஸ்திரி போடுகிறவரைப் போல உள்ளங்கையால் நீவி, நுனியைப் பிடித்து இழுத்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் படிய வைத்தார். "சுருக்கம் இருந்தா அறுக்கும்" என்றார். "சட்டைக்கே அறுக்குது, தோலுக்கு அறுக்காதா?"

மறுநாள் யாரும் கூப்பிடாமலே வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். வானத்து நட்சத்திரங்கள் தினமும் கொஞ்சம் முன்னதாகவே மறைவதால், தட்டு சாய்கிற நேரமும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக முந்தும். கருக்கலில் இருந்தது சாயங்காலம் ஆயிற்று, சாயங்காலம் பிற்பகல் ஆயிற்று. நேரம் நகர நகர இரண்டு பேரும் கூடவே நகர்ந்தார்கள். பம்பு அணையும், மெத்தை பெருமூச்சு விடும், இவர்கள் புரட்டுவார்கள், பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். பேச்சு வந்தால் பேசுவார்கள். பெரும்பாலும் வராது. கொஞ்ச நேரம் கழித்து மாமா தொண்டையைச் செருமுவார், மறுபக்கம் புரட்டுவார்கள். இரைச்சல்காரரின் முழங்காலோடு இப்போது முதுகும் சேர்ந்துகொண்டது. டெய்லருக்குக் கழுத்துப் பிடிப்பு. வெங்காயத் தோல் மட்டும் பிய்யாமல் நின்றது.

"இன்னிக்குச் சாப்பிட்டானா கும்பகர்ணன்?" என்று மாமா தினமும் கேட்பார்.

"சாப்பிட்டானாம். கோடு ஏறிக்கிட்டே இருக்கு, ஓட்டை இல்லைன்னாங்க டாக்டரம்மா."

"பீய்ச்சல்?"

"வளருதாம்."

"எத்தனை நாளைக்கு இப்படித் தின்பான்?"

"அவங்களைக் கேட்டேன் மாமா. நாம யாரும் இருக்க மாட்டோமாம், அப்பவும் தின்னுக்கிட்டு இருந்தாலும் இருப்பானாம்."

மாமா சற்று யோசித்தார். "டெய்லர்கிட்டச் சொல்லிடு" என்றார். "அவன் ஓய்வுக்கு ஒண்ணும் பயமில்லை."

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார் டெய்லர் கண்ணை மூடியபடியே.

அப்போதுதான் இரைச்சல்காரர் அக்காவைப் பார்த்தார். அவள் சமையலறை நிலையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முதல் நாட்களில் அவர்கள் புரட்டுவதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் மெல்லப் பார்வையை விட்டாள். இன்று தூங்கியே போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீங்கின கைகள் மடியில், யாரோ கொடுத்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தன. பம்பு ஓடும்போதும் அவள் தூங்கினாள்தான். ஆனால் அது பம்பின் 'புஸ்' நின்றுவிடுமோ என்று ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிய தூக்கம். இப்போது நின்று போவதற்கு எதுவும் ஓடவில்லை.

மூன்று ஆண்களும் சத்தம் காட்டாமல் மாமாவை மறுபக்கம் புரட்டினார்கள். புரளுகிற மாமாவையும் சேர்த்துத்தான் மூன்று. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல்கூட வரவிடவில்லை.

ஜன்னல் வழியே குன்று தெரிந்தது. வெயில் தாழாத பிற்பகலில் தட்டு ஊரின் மேல் குனிந்திருந்தது. நேரம் ஆனதும் அது மெல்லத் தலையை நிமிர்த்தத் தொடங்கியது. டெய்லர் நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். இரைச்சல்காரர் தரையில் கையை ஊன்றி எழுந்து, குனிந்து, பம்பைப் போட்டார். 'புஸ்' என்றது. மெத்தை நிமிர்ந்தது.

அக்கா கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜன்னலைப் பார்த்தாள். நிமிர்கிற தட்டைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள எழுந்துடுச்சா?" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் கீழயே பாத்துக்கிட்டு இருந்தா என்னவாம்?"

எழுந்து கஞ்சி வைக்கப் போனாள்.